ஹஃபீத் மலையில் படித்த கணக்கு

உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில், 2024 நவம்பரில், நான்கு நாட்கள் துபாயில் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான். என்னிடம் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே ஓர் அரபிக் குடும்பத்தில் வீட்டு டிரைவராகப் பணிபுரிகிறார். நான் வந்திருக்கும் செய்தி அறிந்ததும் உறவினர் வீட்டிற்கே தேடி வந்துவிட்டார்.

"ஹஜ்ரத், முதலாளி வெளியூர் சென்றிருக்கிறார். நாளை இரவு பத்து மணிக்குத்தான் விமானத்தில் இறங்குகிறார். தாங்கள் வந்திருப்பதை அவரிடம் சொன்னேன். 'உன் ஆசிரியரை அல் ஐனுக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டு வா' என்று காரைத் தந்துவிட்டார்" என்று மகிழ்ச்சி பொங்கக் கூறினார்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம் அல்லவா? அதனை எண்ணிச் சற்றுத் தயங்கினேன். ஆயினும் மாணவரின் ஆவலைத் தட்ட மனம் வரவில்லை. இரவு பத்து மணிக்கு முதலாளியை விமான நிலையத்தில் எதிர்கொள்ள வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம்.

புகையில்லாத ஊர்தி

வாசலில் நின்றது ஜெர்மனி நாட்டு ஆவ்டி நிறுவனத்தின் 'இ-ட்ரான்' என்னும் பெரிய கார். பெட்ரோலோ டீசலோ அதற்குத் தேவையில்லை, முழுவதும் மின்சாரம். 2018 செப்டம்பரில் உலகுக்கு அறிமுகமான வாகனம் அது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத் தொழிற்சாலையில் தயாராகி வந்தது. அந்தத் தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது.

உள்ளே அமர்ந்தால் ஒரு சிறு வரவேற்பறையில் அமர்ந்தாற்போல் இருந்தது. மாணவர் ஒரு பொத்தானை அழுத்தினார். எந்த ஓசையும் எழவில்லை. "புறப்படலாமா?" என்று நான் கேட்டபோது கார் ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது!

அதன் எடை ஏறத்தாழ இரண்டரை டன். அதில் 700 கிலோ, நம் காலடியில் தளத்தின் கீழே பரப்பி வைக்கப்பட்டுள்ள பேட்டரியின் எடை மட்டுமே. அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 95 கிலோவாட்-மணி. நம் வீட்டு மின்கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதுகிறார்களே, அதே அளவுதான் இது. பேட்டரியின் ஆயுளைக் கருதி முழுவதையும் செலவிட விடுவதில்லை. ஏறத்தாழ 86 யூனிட் வரை பயன்படுத்தலாம்.

இந்த எண்ணைக் கேட்டதும் என் மனம் ஊருக்குச் சென்றுவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டிற்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் கட்டணமின்றித் தரப்படுகிறது. அந்த 100 யூனிட்டுக்குள் குடும்பத்தை நடத்திவிட வேண்டுமென்று, ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துப் பார்த்து நிறுத்தும் தாய்மார்களை நான் அறிவேன். ஒரு வீட்டின் இரண்டு மாத விளக்கும் விசிறியும் இந்தக் காரின் ஒரு முறை மின்னேற்றத்தில் அடங்கிவிடுகின்றன.

வேகத்தின் ருசி

நகரைக் கடந்ததும் இரு மருங்கும் செந்நிற மணல் மேடுகள் தொடங்கின. துபாயிலிருந்து அல் ஐன் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வழியில் தேநீர் அருந்துவதற்காகக் கிளைச் சாலை ஒன்றில் இறங்கினோம். அது ஆள் நடமாட்டமற்ற நேரான சாலை.

"ஹஜ்ரத், இந்தக் காரின் பலத்தைப் பார்க்கிறீர்களா? இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள்" என்றார் மாணவர்.

நின்ற நிலையிலிருந்து அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வயிறு ஒரு கணம் பின்தங்கிவிட்டதைப் போன்ற உணர்வு. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இந்தக் காருக்கு 5.7 விநாடிகளே போதும் என்றார். பெட்ரோல் எஞ்சின் வேகம் பிடித்துச் சுழன்ற பின்னரே தன் முழு வலிமையைத் தரும். மின்மோட்டாரோ சுழலத் தொடங்கும்போதே முழு இழுவிசையையும் கொடுத்துவிடுகிறது. முன் சக்கரங்களுக்கு ஒன்றும் பின் சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் இதில் உள்ளன. இரண்டரை டன் பாரம் ஓர் அம்பைப் போலப் பாய்வதன் இரகசியம் இதுதான்.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கார் மெதுவானதும், "இன்னொரு முறை காட்டு தம்பி" என்றேன். நாற்பது வயதைத் தாண்டியவன், பிள்ளைகளுக்கு வீண்விரயத்தின் தீமையைப் பாடம் நடத்துபவன் கேட்டது அது! அவரும் மகிழ்ந்து மறுமுறை காட்டினார். மூன்றாம் முறையும் காட்டினார். பின்னர் பெருஞ்சாலையில் ஏறி, அனுமதிக்கப்பட்ட வேகத்தின் எல்லையிலேயே, ஏ.சி.யையும் நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு சென்றோம்.

புறப்படும்போது பேட்டரியில் 96 விழுக்காடு இருந்தது. அல் ஐன் எல்லையை அடைந்தபோது 52 விழுக்காடுதான் மீதம். நூறு கிலோமீட்டருக்கு 27 யூனிட் வீதம் செலவாகியிருப்பதாகக் கண்ணாடித் திரை காட்டியது.

மாணவரின் முகம் சற்று மாறியது. "இவ்வளவு குறைந்திருக்கக் கூடாதே" என்று முணுமுணுத்தார். நான் அப்போது அதனைப் பொருட்படுத்தவில்லை.

நீரைப் பங்கிட்டவர்களின் ஊர்

அல் ஐன் பசுமையான நகரம். அதன் நடுவே உள்ள பேரீச்சைச் சோலை ஏறத்தாழ 1,200 ஹெக்டேர் பரப்புடையது. 1,47,000 பேரீச்சை மரங்கள் அங்கே நிற்கின்றன. 2011-இல் யுனெஸ்கோ இந்நகரின் சோலைகளையும் தொல்லிடங்களையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. லுஹர் தொழுதுவிட்டு அச்சோலையின் நிழற்பாதைகளில் நடந்தோம்.

மரங்களைவிட என்னைக் கவர்ந்தது, அவற்றின் அடியில் ஓடும் 'ஃபலஜ்' என்னும் நீர்க்கால்வாய். மலையடிவாரத்தின் நிலத்தடி நீரை மிக மெல்லிய சரிவில் வெட்டிய சுரங்கக் கால்வாய் வழியே ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இது. இறைப்பதற்கு மாடும் வேண்டாம், பம்பும் வேண்டாம். சரிவே நீரை நடத்திச் செல்கிறது. அல் ஐனை ஒட்டிய ஹீலி என்னுமிடத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஃபலஜ் கண்டெடுக்கப்பட்டுள்ளது. தோட்டத்திற்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்து நீரைப் பிரித்துக்கொண்டார்கள். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். பாலைவனத்தில் ஒரு துளியின் விலை அவர்களுக்குத் தெரியும்.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முதற் பாடங்களுள் ஒன்று. அந்தக் கால்வாயில் கையை நனைத்தபோது அப்பாடம் நினைவுக்கு வந்தது. ஆனால் கிளைச் சாலையில் நான் கேட்ட "இன்னொரு முறை" மட்டும் நினைவுக்கு வரவில்லை!

மூடிக் கிடந்த மின்னேற்றி

சோலையை விட்டு வெளியே வந்ததும் மாணவர், "ஹஜ்ரத், முதலில் சார்ஜ் போட்டுக்கொள்வோம்" என்றார். மின்னேற்றும் முறைகளைப் போகும் வழியில் விளக்கினார்.

வீட்டுச் சுவரில் பொருத்திய மின்னேற்றியில் மணிக்கு 11 யூனிட் ஏறும். வெறும் பேட்டரி நிறைய எட்டரை மணி நேரம் ஆகும். இரவில் இணைத்துவிட்டு உறங்கினால் விடியலில் நிறைந்திருக்கும். விரைவு மின்னேற்றி வேறு வகை. 150 கிலோவாட் திறனுள்ள நிலையத்தில் இந்தக் கார் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 80 விழுக்காட்டை எட்டிவிடும். ஆனால் குடத்தின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் குழாயில் வருவதுதானே நிறையும்? நிலையத்தின் திறன் குறைந்தால் நேரம் கூடும். இந்நாட்டில் மின்னேற்றிகளுக்குக் குறைவில்லை. துபாயில் 2014-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனித் திட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. எனினும் எல்லாம் விரைவு மின்னேற்றிகள் அல்ல.

அவர் நம்பி வந்த விரைவு மின்னேற்றி பழுதாகி நின்றது. திரையில் வெளிச்சமே இல்லை. அருகில் வேறொன்றும் காணோம். பேட்டரியில் 50 விழுக்காடு. வந்த வேகத்திலேயே திரும்பினால் 44 விழுக்காடு வேண்டும். மலைக்குச் செல்லாமல் அப்படியே திரும்பிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹஃபீத் மலையைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று இரண்டாம் முறையாக நான்தான் வாய் திறந்தேன். ஆசிரியரின் சொல்லை மறுத்துப் பழகாதவர் அவர். "மலையிலிருந்து இறங்கும்போது செலவழித்த மின்சாரம் திரும்பக் கிடைக்கும், ஹஜ்ரத். பார்த்துக்கொள்ளலாம்" என்று என்னையும் தம்மையும் தேற்றிக்கொண்டார்.

ஏற்றமும் இறக்கமும்

அஸர் தொழுதுவிட்டு மலையடிவாரத்தை அடைந்தபோது 46 விழுக்காடு இருந்தது. அடிவாரத்தில் முபஸ்ஸரா வெந்நீர் ஊற்றுகள். அவற்றுக்கு அப்பால், 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள் கல்லால் எழுப்பிய தேன்கூடு வடிவக் கல்லறைகள். மலைப்பாதை 11.7 கிலோமீட்டர் நீளமும் 60 வளைவுகளும் கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் நடைபெறும் அமீரக மிதிவண்டிப் பந்தயத்தின் வீரர்கள் 2019 முதல் இதே பாதையில் தம் சொந்தக் கால்களின் வலிமையால் ஏறுகிறார்கள்.

எங்கள் கார் ஓசையின்றி ஏறியது. வளைவுகளில் பிசகில்லை, எஞ்சின் திணறும் முனகல் இல்லை, கண்ணாடியை இறக்கினால் காற்றின் ஒலி மட்டுமே. காரின் ஆற்றலைப் பற்றி எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் திரையில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. 44... 41... 38... உச்சியின் வாகன நிறுத்துமிடத்தை அடைந்தபோது 36. பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான ஏற்றத்திற்குப் பத்து விழுக்காடு!

கணக்கிட்டால் இதில் வியப்பேதும் இல்லை. ஆட்களோடு சேர்த்து 2,700 கிலோ பாரத்தை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கே ஐந்து யூனிட்டுக்கு மேல் வேண்டும். சாலையின் உராய்வும் பிற இழப்புகளும் அதற்கு மேல். இரண்டு மனிதரை மலையேற்ற இரண்டரை டன்னைத் தூக்கினோம் என்பதுதான் உண்மை.

உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு புறம் அல் ஐன் நகரின் பசுமை. மறுபுறம் ஓமான் நாட்டின் சாம்பல் நிற வெளி. "இந்தக் காருக்குப் புகை இல்லை, சரி, இதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். பெரும்பகுதி எரிவாயுவிலிருந்து வருவது. 2024 செப்டம்பரில் நான்காவது உலையும் இயங்கத் தொடங்கியபின், பராக்கா அணுமின் நிலையம் நாட்டின் மின்தேவையில் கால் பங்கினைத் தருமென்று அறிவித்திருக்கிறார்கள். அல் ஐனுக்கும் அபுதாபிக்கும் இடையே ஸுவைஹானில் 2019 முதல் ஒரு பெரும் சூரிய மின்நிலையமும் இயங்குகிறது. ஆகவே புகை முற்றிலும் ஒழியவில்லை. குறைந்திருக்கிறது, வேறிடத்திற்கு மாறியிருக்கிறது. பெட்ரோல் கார் தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக இழக்க, மின்மோட்டார் தான் பெறுவதில் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றிவிடுகிறது என்பதும் உண்மைதான்.

இறக்கம் தொடங்கியது. மாணவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டீயரிங்கின் பின்னுள்ள சிறு விசையை இழுத்ததும் கார் தானாக வேகம் குறைந்தது. அப்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, சரிவின் விசையை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஃபலஜ் நீரை நடத்திய அதே சரிவுதான்! 2018-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் இந்நிறுவனம் இதனைச் செய்து காட்டியது. 1,900 மீட்டர் உயரத்தை 31 கிலோமீட்டரில் இறங்கியபோது, ஏறத்தாழ அதே தூரத்தை மீண்டும் ஓடுவதற்கான மின்சாரம் சேர்ந்ததாம்.

திரையில் எண் ஏறத் தொடங்கியதும் எங்கள் இருவர் முகத்திலும் ஒளி வந்தது. 37... 38... அடிவாரத்தில் 39. அவ்வளவுதான். பத்துக் கொடுத்து மூன்று பெற்றோம். வீசி எறிந்ததில் ஒரு பகுதியே மீளும். முழுவதும் ஒருபோதும் மீளாது.

ஒரு மணி நேரம்

மஃரிப் தொழுகைக்குப் பின் மாணவர் நெடுநேரம் துஆவில் இருந்தார். வெளியே வந்ததும், "ஏழு ஆண்டுகளாக ஒருநாளும் நான் அவரைக் காத்திருக்க வைத்ததில்லை, ஹஜ்ரத்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் என் நெஞ்சில் தைத்தது. ஊரில் அவருடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை நம்பித்தான் அந்தப் பேச்சே நடக்கிறது. என் 'இன்னொரு முறை'க்கு விலை கொடுக்கப்போவது யார்?

தேடியலைந்து ஒரு சாதாரண மின்னேற்றியைக் கண்டோம். அதில் ஏற்கெனவே ஒரு கார் நின்றது. ஆறு மணியிலிருந்து ஆறரை வரை காத்திருந்தோம். பின்னர் எங்கள் முறை வந்தது. மணிக்கு 11 யூனிட்தான். மாணவர் ஒரு துண்டுத் தாளில் கணக்கிட்டார். ஏழரைக்குப் புறப்பட்டால்தான் விமான நிலையம் சேர முடியும். ஒரு மணி நேரத்தில் 38-லிருந்து 50 விழுக்காட்டை எட்டலாம். வந்ததுபோல் சென்றால் அது வாசல்வரைகூடத் தாங்குவது ஐயம். மெதுவாகச் சென்றால் போதும்.

இதன் காரணம் எளிது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிப்படி கூடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தடுப்பதைவிட 120-இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடுக்கிறது. மிச்சப்படும் நேரமோ சில நிமிடங்கள்.

ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். வலப்புறத் தடத்தில், நூறுக்குள். இரவுக் காற்று குளிர்ந்திருந்ததால் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சற்றே திறந்துகொண்டோம். முன்னால் விளக்கு சிவக்கக் கண்டால் மாணவர் நெடுந்தொலைவிலேயே காலை எடுத்துவிடுவார். கார் தானாகத் தளர்ந்து மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும். மற்ற கார்கள் எங்களைக் கடந்து பறந்தன. நான் உதட்டுக்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு விமான நிலையத்தின் வாயிலில் நின்றோம். பேட்டரியில் 16 விழுக்காடு. அல்ஹம்துலில்லாஹ்!

திரையில் இரண்டு எண்கள் இருந்தன. போகும்போது நூறு கிலோமீட்டருக்கு 27 யூனிட், திரும்பும்போது 21. அதே கார், அதே சாலை, அதே இரண்டு மனிதர்கள். மாறியவற்றுள் முக்கியமானது காலின் அழுத்தம்.

முதலாளி காட்டிய கைப்பேசி

முதலாளி வெளியே வந்ததும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். மாணவர் பேச வாயெடுக்கும் முன்பே, நானே அரபியில், "தவறு என்னுடையது. வேகத்தைக் காட்டச் சொன்னவனும் நான், மலைக்குப் போகச் சொன்னவனும் நான்" என்று நடந்ததை ஒப்புவித்தேன்.

அவர் புன்னகைத்தார். தம் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். காரில் எத்தனை விழுக்காடு மீதமிருக்கிறது என்பது அதில் தெரிந்தது. "மாலையில் அங்கிருந்தே பார்த்தேன். வந்து சேர மாட்டீர்களோ என்றுதான் அஞ்சினேன்" என்றார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இறங்கும்போது என் மாணவரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிக்கனமான கருவி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதன் சிக்கனமானவனாகிவிடுவதில்லை. 'இதில் புகையில்லை, இதில் செலவு குறைவு' என்னும் எண்ணமே இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கத் தூண்டுகிறது. நம் ஊர்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் திரையிலும் இதே எண் ஓடுகிறது. வாங்கும்போது 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பாதி கடைக்காரரிடம் இல்லை. ஓட்டுபவரின் காலில் இருக்கிறது.

ஊர் திரும்பியபின் உளூவின் சட்டங்களைப் பாடம் நடத்தும் நாள் வந்தது. நீரை வீணாக்கலாகாது என்று சொல்லும் இடத்தில் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். வகுப்பு முடிந்து ஹவுளுக்குச் சென்ற சிறுவன் ஒருவன், கசிந்துகொண்டிருந்த குழாயை இறுக அடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.